அனுமதி பெற்று ஆடிய பந்து வீச்சாளர்

நம் தோட்டத் திடல்களில் மாலை வேளைகளில் உருள்வது பெரும்பாலும் கால்பந்துதான். கிரிக்கெட் என்றால் துரைமார் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு கூலித் தொழிலாளிக்கும் இடம் இருக்கிறது. அவர் பெயர் எடி கில்பர்ட். ஆஸ்திரேலியாவின் பூர்வீகக் குடியைச் சேர்ந்தவர்.

1905-ஆம் ஆண்டு வாக்கில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அவர் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே பரம்பா என்னும் அரசாங்கக் குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1897-ஆம் ஆண்டில் அம்மாநிலம் இயற்றிய சட்டம் ஒன்று பூர்வீகக் குடிகளை முழுமையாகக் கட்டுப்படுத்தியது. பெயரென்னவோ பாதுகாப்புச் சட்டம்! குடியிருப்பை விட்டு வெளியே செல்ல அதிகாரியின் அனுமதி வேண்டும். வெளியிடங்களில் வேலை செய்து ஈட்டிய கூலியும் அதிகாரிகளின் பொறுப்பில்தான் இருக்கும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வைத்தார்கள். கில்பர்ட்டும் அவ்வப்போது வெளியிடங்களுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டவரே.

குடியிருப்பில் ஓய்வு நேரங்களில் கிரிக்கெட் ஆடினார்கள். கில்பர்ட் உயரமானவர் அல்லர். ஆனால் நீண்ட கைகள். வேகமாகப் பந்து வீசுவோர் வெகு தூரத்திலிருந்து ஓடி வருவது வழக்கம். அவரோ நான்கைந்து அடிகள் வைப்பார், மணிக்கட்டைச் சொடுக்குவார், பந்து பறந்துவிடும். அந்த வேகமே 1930-ஆம் ஆண்டு இறுதியில் அவரை மாநில அணிக்குள் கொண்டு சேர்த்தது. அணியில் இடம் கிடைத்த பிறகும், வெளியூர் சென்று ஆட அனுமதி கேட்க வேண்டிய நிலை மாறவில்லை.

1931-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிஸ்பேன் நகரில் நியூ சவுத் வேல்ஸ் அணியுடன் ஆட்டம். கில்பர்ட் வீசிய முதல் பந்திலேயே ஒருவர் வெளியேறினார். அடுத்து வந்தவர் டான் பிராட்மன். முந்திய ஆண்டு இங்கிலாந்தில் 5 டெஸ்டுகளில் 974 ஓட்டங்கள் குவித்த மாவீரர் அவர். கில்பர்ட்டின் ஒரு பந்து அவர் கையிலிருந்த மட்டையையே தட்டிவிட்டது. சற்று நேரத்தில், ஓர் ஓட்டமும் எடுக்காமல் பிராட்மன் வெளியேறினார். அந்த ஐந்து பந்துகளைப் போன்ற வேகத்தைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று பிராட்மனே பிற்காலத்தில் எழுதினார். பகைவன் தரும் நற்சான்றைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த மாதமே மெல்பர்னில் ஒரு நடுவர், கில்பர்ட் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று திரும்பத் திரும்பத் தவறு அறிவித்தார். முந்திய பருவம் முழுவதும் ஆடியவரிடம் அதுவரை காணாத குற்றம் இது! அவர் கை உண்மையிலேயே மடங்கியதா என்பதை இன்று யாராலும் நிரூபிக்க இயலாது. ஆனால் அந்தச் சந்தேகம் அவரை விட்டு நீங்கவே இல்லை. 1932-33-இல் இங்கிலாந்தின் லார்வுட் ஆஸ்திரேலியர்களின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசியபோதும், நாட்டின் அணிக்குக் கில்பர்ட்டை அழைக்கவில்லை.

23 முதல்தர ஆட்டங்களில் 87 விக்கெட்டுகள் எடுத்த அவரை, 1936-ஆம் ஆண்டில் குடியிருப்புக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்தார்கள். அப்போது கிரிக்கெட் சங்கம் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. கில்பர்ட்டுக்கு வாங்கிக் கொடுத்த ஆட்ட உடைகளைச் சங்கத்தின் செலவில் சலவை செய்து, தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு அதில் கேட்டிருந்தார்கள்.

பிற்காலத்தில் மனநோயுற்ற கில்பர்ட், பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே இருந்து, 1978-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.