ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வந்தது?

பி.காம் படிக்கிறவனுக்கு சாட் மென்பொருளில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். போன விடுமுறையில் பொழுது போகாமல் எம்ஐஆர்சி என்ற பழைய சாட் மென்பொருளை நிறுவி, அதன் ஸ்கிரிப்ட் மொழியில் நாலு வரி எழுதினேன். சர்வரில் நுழைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். நுழைந்து பத்து விநாடி கூட தாண்டவில்லை, திரையில் 05:30:10 என்று வந்தது! இந்த ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை 1971-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு அந்த ஆண்டு வந்தது. அதில் நேரம் என்பது 1971 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட ஒரே ஒரு எண். அதுவும் விநாடிக் கணக்கில் இல்லை, விநாடியில் அறுபதில் ஒரு பங்கு கணக்கில். இந்த வேகத்தில் எண்ணினால் 32 பிட் இடம் சுமார் 829 நாளில், அதாவது இரண்டே கால் வருடத்தில் நிரம்பிவிடும். அதனால் பிறகு முழு விநாடிக்கு மாறினார்கள். தொடக்கமும் கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவு என்று நிலைத்தது.

அடுத்து பின்லாந்து. 1988 ஆகஸ்டில் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் ஐஆர்சி என்ற அரட்டை முறையை எழுதினார். அதன் விதிகள் 1993 மே மாதம் ஆவணமாக வெளிவந்தன. ஒருவர் எவ்வளவு நேரமாகப் பேசாமல் இருக்கிறார் என்று கேட்டால், 317 என்ற எண் கொண்ட பதிலில் சர்வர் வெறும் விநாடிக் கணக்கை மட்டும் அனுப்பும். அதை மணி, நிமிடம் என்று பிரித்துக் காட்டுவது நம் பக்கத்து மென்பொருளின் வேலை.

அந்த வேலையை விண்டோஸில் செய்தவற்றில் பெயர்பெற்றதுதான் 1995-இல் காலித் மர்தம்-பே வெளியிட்ட எம்ஐஆர்சி. அதன் ஸ்கிரிப்ட் மொழியில் மூன்று சொற்கள் நமக்கு முக்கியம். 'சிடைம்' 1970 முதல் இப்போது வரையிலான விநாடிகளைத் தரும். 'ஆஸ்க்டைம்' அப்படிப்பட்ட எண்ணைத் தேதியாகவும் கடிகார நேரமாகவும் மாற்றும். 'டியூரேஷன்' ஒரு விநாடித் தொகையை வாரம், நாள், மணி என்று பிரிக்கும்.

நான் செய்த தப்பு இப்போது புரிந்திருக்கும். இப்போதைய சிடைமில் இருந்து நுழைந்தபோது இருந்த சிடைமைக் கழித்தேன், 10 வந்தது. சரிதான். அதை ஆஸ்க்டைமிடம் கொடுத்தேன். அதற்கு 10 என்றால் 'பத்து விநாடி கழிந்தது' அல்ல, '1970 தொடங்கி பத்தாவது விநாடி'. கிரீன்விச்சில் அந்த நொடியில் நம் ஊர்க் கடிகாரம் காலை 5:30:10! நான் ஐஸ்லாந்தில் இருந்திருந்தால் தப்பே கண்ணில் பட்டிருக்காது. அங்கே கிரீன்விச் நேரம்தான். 25 மணி நேரம் கழித்து 01:00:00 என்று காட்டும்போதுதான் முழித்திருப்பேன்.

டியூரேஷனிடம் கொடுத்தால் இந்த வம்பு இல்லை. 10,00,000 விநாடி கொடுத்தால் 1 வாரம், 4 நாள், 13 மணி, 46 நிமிடம், 40 விநாடி என்று சொல்லும். வாரத்துக்கு மேல் போகாது. வாரம் என்றால் எப்போதும் ஏழு நாள். மாதம் அப்படியா? 28-உம் உண்டு, 31-உம் உண்டு. எந்த மாதம் என்று தெரியாமல் கால அளவை மாதமாக்க முடியாது.

பெரிய கம்பெனிகளும் கழிந்த நேரத்தில் சறுக்கியிருக்கின்றன. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கணினி ஓடிய நேரத்தை மில்லி விநாடியில் 32 பிட்டில் எண்ணினார்கள். 49.7 நாளில் அது நிரம்பியதும் கணினி உறைந்து போகலாம். இதற்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது 1999-இல். விண்டோஸ் 95 வந்து ஏறக்குறைய நாலு வருடம் கழித்து! அத்தனை நாள் நிறுத்தாமல் ஓட்டியவர்கள் எத்தனை பேரோ :)

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இந்தப் பாடத்தை நான் முதலாண்டிலேயே படித்தவன். இருப்புநிலைக் குறிப்பின் தலைப்பில் 'மார்ச் 31 அன்று உள்ளபடி' என்று எழுதுவோம். இலாப நட்டக் கணக்கில் 'மார்ச் 31-உடன் முடிவடையும் ஆண்டுக்கு' என்று எழுதுவோம். ஒன்று ஒரு நாளின் நிலை, மற்றது ஒரு காலத்தின் அளவு. தலைப்பை மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும் என்று மனப்பாடம் செய்தேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை. ஒரு எண் நாளைக் குறிக்கிறதா, அளவைக் குறிக்கிறதா என்பதை அந்த எண்ணே சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் பத்து விநாடி ஐந்தரை மணி நேரமாகிவிடும்.

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். இப்போது சரியாகக் காட்டுகிறது. தேர்வு நெருங்கும் நேரத்தில் அரட்டையில் எத்தனை மணி நேரம் வீணாக்கினேன் என்றும் சரியாகவே காட்டுகிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது!