பந்து பட்டால் முதல் தளம்



சொவ்ற்போல் என்றதும் ஊரில் ரெனிஸ் பந்தால் விளையாடிய மென்பந்துக் கிரிக்கெற்றை நினைத்துவிடாதீர்கள். இது பேஸ்போலின் தங்கை. கையைச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை எறிவார்கள். பெயரில் மட்டும்தான் மென்மை.

2008ஆம் ஆண்டு கோடையில் ஒரு போட்டியில் என் மகளின் முழங்கைக்கு மேலே பந்து பட்டது. அழாமல் மட்டையை வைத்துவிட்டு முதல் தளத்தை நோக்கி நடந்தாள். நடுவர் திருப்பிக் கூப்பிட்டு, "நீ விலக முயற்சி செய்யவில்லை" என்றார். வீடு வரும்வரை காருக்குள் அவளிடம் ஒரே கேள்விதான்: "அப்பா, நான் வேணுமெண்டே அடி வாங்கினனான் எண்டு நினைக்கினமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விதியின் கதையைத் தேடிப் படித்தேன்.

முன்பு அமெரிக்க பேஸ்போலில் உடம்பில் பந்து பட்டால் துடுப்பாடுபவருக்கு ஒன்றும் கிடையாது. உடம்பை நோக்கி எறிந்து அவரைப் பயமுறுத்துவது எறிபவருக்குச் செலவில்லாத உத்தியாக இருந்தது. 1884இல் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக், பட்டவருக்கு முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்தது. நஷனல் லீக் 1887இல் பின்தொடர்ந்தது. அதே 1887இல்தான் சிக்காகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில் சில இளைஞர்கள் குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி ஓர் உள்ளரங்க விளையாட்டைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது சொவ்ற்போல் ஆனது.

நட்டஈடு என்று ஒன்று வந்தால் அதைக் கேட்டு வருபவரும் இருப்பார். கணக்காளனான எனக்கு இது புதிதல்ல. பால்ரிமோர் அணியின் ஹியூயி ஜெனிங்ஸ் 1896இல் ஒரே பருவத்தில் 51 தடவை அடி வாங்கினார். அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 'விலக முயன்றிருக்க வேண்டும்' என்ற நிபந்தனை.

ஆனால் 1920 ஓகஸ்ட் 16ஐப் பாருங்கள். நியூயோர்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கார்ல் மேஸ் எறிந்த பந்து, கிளீவ்லாண்ட் வீரர் ரே சாப்மனின் தலையில் பட்டது. சத்தத்தைக் கேட்ட மேஸ், மட்டையில் பட்டது என்று எண்ணிப் பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். சாப்மன் மறுநாள் அதிகாலை இறந்துபோனார். அவர் அசையவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்துப் பந்து அழுக்கேறிக் கறுத்திருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அவரும் 'விலக முயலாதவர்'தான்! அதன் பிறகு அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றினார்கள். தலைக்கவசமோ 1971இல்தான் கட்டாயமானது, அதுவும் பழைய வீரர்களுக்கு விலக்கோடு.

இனிச் சொவ்ற்போலின் கணக்கைப் பார்ப்போம். பேஸ்போலில் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலம். பெண்களின் வேகப்பந்து சொவ்ற்போலில் 43 அடி, சிறு பிள்ளைகளுக்கு அதைவிடக் கிட்ட. மணிக்கு 60 மைல் வேகம் என்றால் செக்கனுக்கு 88 அடி. 43 அடியைக் கடக்க அரைச் செக்கன்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் பந்து எங்கே வருகிறது என்று பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, விலகவும் வேண்டுமாம்.

இந்தக் கணக்கு விதி எழுதுபவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். இன்று அமெரிக்க உயர்பாடசாலை விதிகளில் விலக முயல வேண்டிய கட்டாயம் இல்லை. வேண்டுமென்றே உடம்பைக் கொடுத்தால் மட்டும் தளம் இல்லை. மட்டையை வீசும்போது பட்டால் அது ஸ்ரைக்.

கரையில் நின்று கத்தும் பெற்றோருக்கும் ஒன்று: 'கையும் மட்டையின் பகுதிதான்' என்பது தவறு. நானும் அப்படிக் கத்தியவன்தான்.

போன மாதம் மகளிடம் சாப்மனின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, எனக்கு அண்டைக்குப் பந்தே தெரியேல்லை. வெயில் கண்ணுக்குள்ள. அதை ஒருத்தரும் கேக்கேல்லையே."

நானும் கேட்டிருக்கவில்லை.