கரண்டியில் பிறந்த தூண்டில் இரை

விரால் பிடிக்கணும்னா தவளை வேணும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம். சின்னத் தவளையா பிடிச்சு, உசிரோட முள்ளுல கோத்து, குளத்தோரம் அல்லிக்கொடி பக்கமா தத்த விடுவோம். ‘லபக்’னு ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

அந்த வழக்கத்தை நான் விட்டு நாலு வருஷம் ஆச்சு. காரணத்தைப் பின்னாடி சொல்றேன். இப்ப தவளைக்குப் பதிலா ஒரு தகடு போடுறேன். இழுக்க இழுக்கக் கம்பியைச் சுத்தி மின்னும். ஸ்பின்னர்னு சொல்றாங்க. சென்னையில இருக்கற அக்கா மகன் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். ரெண்டாவது வீச்சுலேயே தாமரைத் தண்டுல மாட்டி, நரம்பு அறுந்து போயிடுச்சு. நாமளே செஞ்சா என்னன்னு அதோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன். அது பொறந்ததே சமையல்கட்டுலதான்!

அமெரிக்காவுல வெர்மான்ட் மாகாணத்துக்காரர் ஜூலியோ ப்யூல். படகுல உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டி கை தவறி ஏரியில விழுந்துச்சாம். மின்னிக்கிட்டே இறங்கின கரண்டியை ஒரு பெரிய மீன் பாய்ஞ்சு வந்து கவ்விச்சாம். வீட்டுல இருந்த இன்னொரு கரண்டியோட காம்பை அறுத்து, முள்ளைப் பத்தவெச்சு மறுபடி ஏரிக்குப் போனார்னு சொல்வாங்க. ஏரியில நடந்ததுக்குச் சாட்சி கிடையாது. ஆனா 1852-ல அவர் இதுக்குக் காப்புரிமை வாங்கினது பதிவுல இருக்கு. நியூயார்க் மாகாணத்துல வைட்ஹால்ங்கற ஊர்ல இதையே தொழிலா செஞ்சார்.

அடுத்தவர் இண்டியானா மாகாணம் லோகன்ஸ்போர்ட் ஊர்க்காரர் ஜான் ஹில்டிபிராண்ட். 1899-ல ஒரு டைம் காசை, அதாவது அவங்க ஊர்ப் பத்து சென்ட் காசை, சுத்தியலால தட்டித் தகடாக்கினார்னு கதை. அவர் ஆரம்பிச்ச கம்பெனி அந்தத் தகடுகளாலதான் பேர் வாங்கிச்சு.

இப்ப கடையில பார்க்கற வடிவம் பிரான்ஸ்லேர்ந்து வந்தது. ஆந்த்ரே மெல்நார்ங்கற இன்ஜினியர் 1938-ல ‘மெப்ஸ்’ங்கற பேர்ல கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஊர் திரும்பின ஒரு சிப்பாய் மூலமா, அது விஸ்கான்சின்ல தூண்டில் கடை வெச்சிருந்த டாட் ஷெல்டன் கைக்கு வந்துச்சு. 1951-ல அவர் வுல்ஃப் ஆத்துல அதைப் போட்டுப் பார்த்தார். ட்ரவுட் மீன் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்து, பிரான்ஸ்லேர்ந்து வரவழைச்சு விக்க ஆரம்பிச்சார்.

தகட்டுல என்ன சூட்சுமம்? மீனோட ரெண்டு விலாவிலயும் நீளமா ஒரு கோடு ஓடும். தண்ணியோட அதிர்வை அதுலதான் மீன் உணருது. வட்டத் தகடு கம்பியை விட்டு அகலமா விரிஞ்சு மெதுவா சுத்தும், அதிர்வு ஜாஸ்தி. கலங்கின தண்ணிக்கு அதுதான் சரி. அதுக்குப் பேர் கொலராடோ. இலை மாதிரி நீளத் தகடு கம்பியை ஒட்டி வேகமா சுத்தும், மினுமினுப்பு ஜாஸ்தி. தெளிஞ்ச தண்ணிக்கு அது. அதுக்குப் பேர் வில்லோ லீஃப்.

நானும் ப்யூல் மாதிரி கரண்டியிலதான் ஆரம்பிச்சேன். எவர்சில்வர் ஸ்பூன் காம்பை அறுத்து, துளை போட்டு, கம்பியில கோத்து இழுத்தேன். சும்மா ஆடிச்சு, சுத்தலை. கனம் ஜாஸ்தி. தட்டையா அடிச்சுப் பார்த்தேன். அதுவும் போச்சு. குழி இருந்தாத்தானே தண்ணியைப் பிடிச்சுத் தகடு திரும்பும்! ஹில்டிபிராண்ட் வழியில போகலாம்னா, நம்ம நாட்டுல காசை அழிக்கறது குத்தம்.

கடைசியில எங்க அம்மாவோட பித்தளைக் குங்குமச்சிமிழ் மூடி கண்ணுல பட்டுச்சு. அடிப்பாகம் உடைஞ்சு பல வருஷம் ஆச்சு. “அத்தையோட சிமிழையா அறுக்கப் போறீங்க?”ன்னு வீட்டுல ஒரு சத்தம். எனக்கும் கை கொஞ்சம் தயங்குச்சு. அப்புறம் தகரம் வெட்டற கத்தரியால நீர்த்துளி வடிவத்துல வெட்டி, புளியங்கட்டையில பறிச்ச பள்ளத்துல வெச்சு, சுத்தியலோட உருண்டை முனையால மெதுவா தட்டிக் குழியாக்கினேன். கூர்முனையில ஆணியால துளை. துளைப் பிசிறை அரத்தால சுத்தமா எடுக்கணும், இல்லேன்னா உரசி நின்னுடும். லாடம் மாதிரி வளைச்ச சின்னப் பித்தளைத் துண்டுல தகட்டை மாட்டிக் கம்பியில கோத்து, கீழ ஒரு பாசிமணி, அப்புறம் வலைக்குக் கட்டற ஈயக்குண்டு, கடைசியில முள். பாசிமணி மேல உட்கார்ந்துதான் லாடம் வழுக்கிச் சுத்தும்.

தொட்டியில இழுத்துப் பார்த்தேன். கிர்ருனு சுத்திச்சு. மறுநாள் காலையில வாய்க்கால் மதகுகிட்ட ஒரு விரால், முக்கால் கிலோ தேறும்.

இப்ப தவளைக்கு வர்றேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல, ராத்திரி வயல்ல பெட்ரோமாக்ஸ் லைட்டோட தவளை பிடிக்க ஆள் வருவாங்க. சாக்குச் சாக்கா போகும். தவளைக்கால் வெளிநாட்டுக்கு ஏத்துமதி. தவளை குறைஞ்சா வயல்ல பூச்சி பெருகும்னு எச்சரிக்கை வந்து, 1987-ல அரசாங்கம் அந்த ஏத்துமதியைத் தடை பண்ணுச்சு. அன்னைக்கு அந்த ஆளுங்களை நாங்க திட்டினோம். ஆனா விராலுக்காக அதே தவளையை முள்ளுல கோத்தவனும் நான்தான். நாலு வருஷம் முன்னாடி ஒரு நாள், கோத்த தவளை கையில துடிக்கும்போது அது உறைச்சுது. நம்ம வயல்ல சம்பளமில்லாம பூச்சி பிடிக்கற ஆளாச்சே அது!

இப்பவும் தாமரைத் தண்டுல மாட்டி மாசத்துக்கு ஒரு தகடாவது போயிடுது. உங்க வீட்டுப் பரண்ல பழைய பித்தளைச் சிமிழ் மூடி, உடைஞ்ச கரண்டி ஏதாவது கிடந்தா, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க. ஊர்ப்பக்கம் வரும்போது எடுத்துட்டு வாங்க. விரால் குழம்பு என் பொறுப்பு.