மக்கள் வாக்கும் மன்றத் தேர்வும்: மாசச்சூசெட்ஸ், 1785

இன்றும் நடைமுறையிலுள்ள எழுத்துவடிவ அரசமைப்புகளுள் தொன்மைமிக்கது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசமைப்பாகும். ஆளுநரை ஆண்டுதோறும் மக்களே தேர்ந்தெடுக்க அது வழிவகுத்தது. ஆயினும், வாக்குகளில் பாதிக்குமேல் எவரும் பெறாவிடின், மிகுதியான வாக்குப் பெற்ற நால்வருள் இருவரைக் கீழவை தெரிந்து அனுப்ப, அவ்விருவருள் ஒருவரை மேலவை தேர்தல் வேண்டும் என்றும் அது விதித்தது.

இவ்விதி முதன்முதலாகப் பயன்பட்டது 1785இல் ஆகும். மக்களிடம் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த ஆளுநர் ஜான் ஹான்காக் அவ்வாண்டின் தொடக்கத்தில் பதவி விலகினார். அவர்தம் ஆதரவாளரும் துணை ஆளுநருமான தாமஸ் குஷிங்கும், பாஸ்டன் வணிகச் செல்வர் ஜேம்ஸ் போடினும் முதன்மைப் போட்டியாளராயினர். எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. கீழவையின் விருப்பம் குஷிங்பால் சாய்ந்திருந்தது. மேலவையோ போடினைத் தேர்ந்தது.

மேலவை இடங்கள் மக்கள்தொகைக்கேற்ப அன்றி, வட்டாரங்கள் செலுத்திய வரிக்கேற்பப் பகுக்கப்பட்டவை என்பது ஈண்டு நினையத்தக்கது. அவ்வரசமைப்பை இயற்றிய பேரவைக்குத் தலைமை தாங்கியவரும் போடினே. தாம் முன்னின்று ஆக்கிய விதியே தம்மை அரியணையேற்றியது எனலாம்.

போடின் கவிஞருமாவார். இந்திய அந்தணர் ஒருவரின் பழஞ்சுவடியிலிருந்து பெயர்த்ததாகச் சொல்லிக்கொண்டு இலண்டனில் வெளிவந்த அறநூலொன்றின் பகுதியை ஆங்கிலச் செய்யுளாக்கி 1759இல் பாஸ்டனில் வெளியிட்டார். 1780இல் தோன்றிய அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

எனினும், அறம் பாடிய அவர்தம் ஆட்சியில் உழவர் துயர் தணியவில்லை. போர்க்கடனை அடைக்க விதித்த கடும்வரியாலும், கடன் வழக்குகளாலும் நிலமிழக்கும் நிலையுற்ற மேற்குப் பகுதி உழவர்கள் 1786இல் நீதிமன்றங்களை முற்றுகையிட்டனர். டேனியல் ஷேஸ் பெயரால் வழங்கும் கிளர்ச்சி அதுவே. பாஸ்டன் வணிகர் திரட்டித் தந்த பொருளால் அமைந்த படையைப் போடின் ஏவினார். 1787 சனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலை முன்னர்க் கிளர்ச்சியாளர் நால்வர் பீரங்கிக்கு இரையாயினர்.

கிளர்ச்சி அடங்கியது, மனக்குமுறல் அடங்கவில்லை. அவ்வாண்டு நடந்த தேர்தலில் மக்கள் ஹான்காக்கையே மிகப் பெரும்பான்மையோடு மீண்டும் அமர்த்தினர். மேலவைக்கு இம்முறை வேலையில்லாது போயிற்று. 1855இல் செய்யப்பெற்ற திருத்தம், மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் என்றாக்கிப் பழைய விதியை நீக்கியது.

விதிவழி வந்த தேர்வு முறையானதே. ஆயினும், முறையால் பெற்ற பதவியை மக்கள் மனத்தால் பெற்றதாக்குவது ஆட்சியின் ஈரமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.