அம்மாவுக்கு ஒரு குளியலறை: ஐந்தரை இலட்சம் எங்கே போனது

மாலை ஆறு மணிக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. எத்தனை வருடமாக அப்படி என்று எங்களுக்குத் தெரியாது. 2023 கார்த்திகை மழையில், இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தாதி ஒருவர் கேட்டதால்தான் அது வெளியில் வந்தது. “இரவில எழும்பினா பிள்ளையளை எழுப்ப வேணும். குடிக்காட்டி எழும்பத் தேவையில்லை” என்றார் அம்மா. அடிக்கடி வந்த சலக்கடுப்புக்கும் காரணம் அதுதான்.

அம்மா 2009 சித்திரையில் செல் பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பகலில் செயற்கைக் கால். இரவில் அதைக் கழற்றி வைத்தால் இரண்டு ஊன்றுகோல். மலசலகூடமோ வீட்டுக்குப் பின்னால், வேலிக் கரையில், குந்தி இருக்கும் பழைய மாதிரி. 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயில் வீட்டைக் கட்டியபோது, கூரை போட்டுக் கதவு வைப்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. மெனிக் பாமில் வரிசையில் நின்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு மலசலகூடம் இருந்ததே பெரிய விடயம். அது எங்கே இருக்கிறது, யார் அதற்கு நடந்து போகப் போகிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த நிலைமை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீதியில் இரண்டு மூன்று வீடுகளிலாவது கால் இழந்தவரோ, முள்ளந்தண்டில் காயம்பட்டவரோ, உடம்பில் இன்னும் செல் துண்டோடு இருப்பவரோ உண்டு. அவர்களுக்கும் வயது போகிறது. அதனால் எங்கள் கணக்கை இங்கே எழுதுகிறேன். இவை 2024 மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் ஊரில் நாங்கள் கொடுத்த விலைகள். உங்கள் ஊரில் தொகை மாறும். ஆனால் எந்த வேலைக்கு முதலில் காசை ஒதுக்க வேண்டும் என்ற ஒழுங்கு பெரிதாக மாறாது.

கையில் இருந்தது ஐந்தரை இலட்சம். கனடாவில் இருக்கும் தம்பி நாலரை இலட்சம் அனுப்பினான். மிகுதி நான் கட்டிவந்த சீட்டுக் காசு. மேசன் வந்து இடத்தைப் பார்த்து, “மூண்டு இலட்சத்தில முடிச்சுத் தரலாம் அக்கா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாலு சுவர், கூரை, கொமட், ரைல்ஸ் என்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொன்னார். குழி, நிலத்தை உயர்த்தும் மண், கதவு, மின்சாரம், தண்ணீர்க் குழாய் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. எந்த மேசனிடமும் “இதில் என்னென்ன சேரவில்லை?” என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

குழியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் சறுக்கினோம். பழைய குழியையே பாவித்துக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நாடாவால் அளந்தார். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 38 அடி. குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்றார். பதினொரு வருடமாக அந்தக் கிணற்றில்தான் குடித்தோம். கொமட் வைத்தால் குழிக்குள் போகும் தண்ணீரும் கூடும், அதனால் புதுக் குழி வெட்டியே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு நீர் வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடும்.

புதுக் குழியை இரண்டு அறை உள்ள தொட்டியாகவும், அதற்கு அப்பால் நீர் ஊறும் குழி ஒன்றாகவும் கட்டினோம். மார்கழியில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவுக்கு ஏறி நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊறும் குழியின் அடி அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாரியில் கொமட்டால் தண்ணீர் திரும்பி வரும். குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விடவில்லை. தனிக் குழாயில் வாழைப்பாத்திக்கு விட்டோம். அதனால் தொட்டி சிறிதாகவே போதும் என்றாகிவிட்டது. பிரதேச சபையின் கழிவு உறிஞ்சும் பவுசர் கிட்ட வரக்கூடிய பக்கமாக மூடியை வைத்தோம். எல்லாமாக 1,18,000 ரூபாய்.

எங்கள் ஊரில் நிலத்தைத் தோண்டுவது சும்மா வேலையில்லை. மூன்று அடி ஆழத்தில் மண்வெட்டி இரும்பில் தட்டியது. தோண்டியவர் அப்படியே மண்வெட்டியை வைத்துவிட்டு மேலே ஏறினார். அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். பொலிஸுக்கு அறிவித்தோம், வந்து பார்த்து அகற்றும்வரை வேலை நின்றது. துருப்பிடித்த செல் துண்டுதான், வெடிக்கும் பொருள் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் போய்விட்டது. மேசனும் உதவியாளும் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த இரண்டு நாள் கூலி 13,600 ரூபாயை நாங்கள்தான் கொடுத்தோம். தோண்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் தொடாதீர்கள், கிளறிப் பார்க்காதீர்கள். எலும்போ துணியோ தெரிந்தாலும் அப்படித்தான். 2023 ஆனியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான் அந்த மனித எச்சங்கள் வெளிப்பட்டன. கிண்டிவிட்டால் சாட்சியும் போய்விடும்.

வன்னியில் குழி வெட்டுபவர்கள் இப்படியான நாட்களுக்கென்று ஒரு தொகையை வேறாக வைத்திருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது கையில் இருப்பது நல்லது. எங்களிடம் அவ்வளவு இருக்கவில்லை.

அடுத்தது நிலத்தின் உயரம். வீட்டு நிலம் முற்றத்திலிருந்து 18 அங்குலம் உயரம். குளியலறையை இரண்டு படி இறக்கிக் கட்டினால் மண் நிரப்பும் செலவு குறையும் என்றார் மேசன். எங்கள் பக்கத்தில் வழமையும் அதுதான். ஆனால் நடு இரவில், ஒற்றைக் காலோடு, ஈரத்தில் இரண்டு படி இறங்கத்தான் வேண்டுமென்றால் ஏன் இந்தக் குளியலறையைக் கட்ட வேண்டும்? வீட்டு நிலத்தின் மட்டத்துக்கே உயர்த்தச் சொன்னோம். வாசலில் அரை அங்குல இறக்கம் மட்டும், தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க. உள்ளளவு 7 அடிக்கு 6 அடி. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மூன்று பக்கம் புதுச் சுவர். 16 அங்குலத்துக்கு 8 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 113 கல் வரும். எங்களுக்கு உடைசலோடு 190 கல் போனது. அத்திவாரம், மண், சுவர், தகரக் கூரை எல்லாவற்றுக்கும் பொருட்செலவு 1,38,000 ரூபாய்.

சுவர் எழும்புவதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியது கைபிடிக் கம்பி. நான் கண்ட வீடுகளில் எல்லாம் வேலை முடிந்த பிறகு கம்பியை வாங்கிவந்து துளைபோட்டுப் பூட்டுகிறார்கள். சீமெந்துக் கல் சுவரில், அதுவும் உள்ளே வெற்றிடம் உள்ள கல்லில், அது ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. கம்பி வரும் இடத்தில் கல்லுக்குப் பதிலாக கொங்கிரீட் போட வேண்டும். எங்கே என்று கண்டுபிடிக்க அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி எழும்பச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் வலக்கைதான் எதையோ பிடிக்கத் தேடியது. அந்த இடத்தில் கரியால் கோடு போட்டோம். நிலத்திலிருந்து 30 அங்குலம் வந்தது. கம்பி ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. சுவருக்கும் கம்பிக்கும் இடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், கை வழுக்கினால் முழங்கை அதற்குள் சிக்கும். துருப்பிடிக்காத உருக்கில் மூன்று கம்பி 11,000 ரூபாய்.

கதவின் திறப்பு குறைந்தது 32 அங்குலம் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவரது உடம்பே மறித்துவிடும். அகலக் கதவும் நிலையும் 24,000 ரூபாய். சக்கர நாற்காலி பாவிப்பவர் வீட்டில் இருந்தால் எங்கள் அறையின் அளவு போதாது. உள்ளே நாற்காலியைத் திருப்ப ஐந்து அடி வட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கென 2006இல் கொண்டுவந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வீடுகளைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அளவுகளை அதிலிருந்து எடுக்கலாம்.

கொமட்டைக் குழாய் பதிப்பதற்கு முதலே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். சிலவற்றில் கழிவு பின்பக்கச் சுவரால் வெளியேறும், சிலவற்றில் கீழே நிலத்தால். குழாயைப் பதித்துவிட்டுக் கடைக்குப் போனவர்கள் புது நிலத்தை உடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்காலுக்குச் சிரமமில்லை. கழிவுக் குழாய் 4 அங்குலம், 20 அடி ஓட்டத்துக்கு 6 அங்குலச் சரிவு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறிவிட்டது. 2024 தையில் வற் வரியும் 18 வீதமானது. கடையில் விலை கேட்கும்போது “வற் சேர்த்தா?” என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன். கொமட், பேசின், குழாய்கள் எல்லாம் 74,000 ரூபாய்.

ரைல்ஸ் விடயத்தில்தான் தம்பியோடு சண்டை வந்தது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பளபளவென்று வெள்ளை, கூரைமட்டும். “அம்மாவுக்கு நல்லதாச் செய் அக்கா, காசைப் பாக்காதை” என்றான். நாலரை இலட்சத்தை அவன் எத்தனை இரவு வேலை செய்து சேர்த்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபிக்கவும் முடியவில்லை. படத்தை அம்மாவிடம் காட்டினேன். “வடிவாத்தான் இருக்கு. ஆனா இதில நான் நிப்பனே?” என்றார்.

கணக்குப் போட்டு அவனுக்கு அனுப்பினேன். சுவரில் 7 அடி உயரத்துக்குப் பதித்தால் 161 சதுர அடி. 4 அடியில் நிறுத்தினால் 92. மிச்சம் 69 சதுர அடி, ஒட்டும் செலவும் கூலியும் சேர்த்து 31,000 ரூபாய்க்குக் கிட்ட. கதவுக்கும் கம்பிக்கும் போன 35,000இல் பெரும்பகுதி அதில் வந்துவிட்டது. நான்கு அடிக்கு மேலே சீமெந்துப் பூச்சு, வர்ணம். நிலத்துக்கு மினுக்கமில்லாத, சொரசொரப்பான ஓரடி ரைல்ஸ். சிறிய ரைல்ஸில் இடைக்கோடு கூட, அதனால் பிடிமானமும் கூட. கடையிலேயே ஒன்றை எடுத்து நனைத்து, ஊன்றுகோலை வைத்து அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். உடைசலுக்குப் பத்து வீதம் சேர்த்து 38,500 ரூபாய்.

கூலி மேசனுக்கு நாளுக்கு 4,000, உதவியாளுக்கு 2,800. பதினெட்டு நாளுக்கு 1,22,400 ரூபாய். மின்சாரத்துக்கு 9,500. எல்லாம் கூட்டினால் நின்ற இரண்டு நாளோடு 5,49,000 ரூபாய். ஒரு முழு வீட்டுக்குத் தந்த காசு பதினொரு வருடத்தில் ஒரு குளியலறைக்குச் சரியாகிவிட்டது. பத்து மணித் தேநீரும் மத்தியானச் சாப்பாடும் இதில் இல்லை, அது அரிசி மூட்டையோடு போயிற்று.

நாள்கூலிக்குப் பதிலாகக் கொந்தராத்துக் கொடுப்பதென்றால் காசை முன்னுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அத்திவாரம், சுவர், பூச்சு என்று படிப்படியாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஒழுக்குப் பார்க்கும்வரை வைத்திருங்கள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள்.

காசு போதாவிட்டால் முதலில் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள், மருத்துவ அறிக்கையோடு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்டங்கள் அவர் ஊடாகத்தான் வரும். அத்திவாரம் வெட்ட முன்னரே விண்ணப்பியுங்கள், கட்டி முடித்த பிறகு கேட்டால் பயனில்லை. வேலை தொடங்கியதைக் கண்டு நுண்கடன் தருகிறோம் என்று எங்கள் படலைக்கும் ஆள் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் கிழமைக்குக் கிழமை கட்டிய கதையை நான் அறிவேன். குளியலறை வருமானம் தராது, அதைக் காட்டிக் கடன் எடுத்தால் கட்டுவதற்கு வேறு வழி தேட வேண்டும். அதைவிட இரண்டு கட்டமாகச் செய்யலாம்: இந்த வருடம் குழியும் அத்திவாரமும் சுவரும் கம்பியும். அடுத்த வருடம் ரைல்ஸ். பூசிய சீமெந்து நிலத்தில் ஒரு வருடம் குளித்தால் ஒன்றும் ஆகாது.

கையில் மிஞ்சிய ஆயிரம் ரூபாயில் அம்மாவின் ஊன்றுகோல்களுக்குப் புது றப்பர் அடி வாங்கினோம். பழையது தேய்ந்து வழுவழுப்பாக இருந்ததை, விழுந்ததற்குப் பிறகும் நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. முற்றத்தில் இருந்து வீட்டுக்கு ஏறும் சாய்வுப் பாதை இன்னும் கட்டவில்லை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு, எங்கள் 18 அங்குலத்துக்கு 18 அடி வேண்டும். முற்றத்து வேம்பு இடையில் நிற்கிறது. அம்மா அதை வெட்ட விடமாட்டார், அதனால் பாதையை வளைத்துக் கட்டுவது எப்படி என்று மேசனிடம் கேட்டிருக்கிறோம்.