அரியணை இல்லாத தலைநகர்

மெட்ஜுகோரேக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் பலர் குரோவாசியா நாட்டின் ஸ்பிளிட் நகரிலோ டூப்ரோவ்னிக் நகரிலோ விமானத்தை விட்டு இறங்குகின்றனர். மலைப்பாதையில் பேருந்து ஏறுமுன் அரைநாள் ஓய்வு கிடைத்தால், அட்ரியாட்டிக் கடலோரத்தில் நிற்கும் அந்தப் பழைய மதில்நகர்களைச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. அங்கே வேறொரு வகைப் பயணிகளையும் காணலாம். கைப்பேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அதையும் எதிரேயுள்ள கோட்டையையும் மாறிமாறிப் பார்த்து, படம் எடுக்கப்பட்ட அதே கோணத்தில் நின்று தங்களையும் படம் பிடித்துக்கொள்ளும் இளைஞர்கள் அவர்கள். இவர்களும் ஒருவகையில் திருப்பயணிகளே. ஆனால் இவர்கள் தேடி வந்த நகரம் உலகப் படத்தில் எங்கும் இல்லை.

2011 முதல் 2019 வரை அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரே இவர்களை இங்கு இழுத்து வருவது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய புதினங்களைத் தழுவி, எட்டுப் பருவங்களில் 73 பகுதிகளாக அது வெளிவந்தது. வாள்களை உருக்கிச் செய்த ஓர் இரும்பு அரியணை. அதில் அமரத் துடிக்கும் அரச குடும்பங்கள். சூழ்ச்சி, கொலை, நெருப்பு உமிழும் டிராகன்கள். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க தொடர் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதையின் தலைநகராகிய ‘கிங்ஸ் லேண்டிங்’ முதற்பருவத்தில் மால்ட்டா தீவில் படமாக்கப்பட்டது. இரண்டாம் பருவம் முதல் டூப்ரோவ்னிக் அந்த வேடத்தை ஏற்றது. ஸ்பிளிட்டும் அருகிலுள்ள கிளிஸ் கோட்டையும் வேறு நகரங்களாயின.

படப்பிடிப்புக்கு இடம் தேடியவர்கள் மதில்களின் அழகைப் பார்த்துத்தான் இந்நகர்களைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அரியணைக்காக மாந்தர் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் கதைக்கு, அரியணையை விட்டு இறங்கியவன் ஒருவனின் வீட்டையும், அரியணையே வேண்டாமென்ற மக்களின் ஊரையும் அவர்கள் தெரிந்துகொண்டது வியப்புக்குரிய பொருத்தம்.

முதலில் ஸ்பிளிட்டுக்குப் போவோம். தொடரில் டிராகன்களைச் சங்கிலியால் பிணைத்து அடைத்து வைக்கும் இருண்ட நிலவறை, பேரரசன் தியோக்ளேசியன் அரண்மனையின் அடித்தளமாகும். நம் திருச்சபை வரலாற்றில் இப்பெயரைக் கேளாதவர் இலர். கி.பி. 303இல் ஆலயங்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் குருக்களைச் சிறையில் அடைக்கவும் ஆணையிட்டவன் இவனே. உரோமை ஆட்சியில் எழுந்த வேதகலாபனைகளில் மிகக் கொடியது அது. அவனது அரண்மனைக்கு அருகிலிருந்த சலோனா நகரின் ஆயர் புனித தொம்னியுஸ் 304இல் மறைசாட்சியாக உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டு, 305 மே முதல் நாள், தியோக்ளேசியன் தன் விருப்பத்தோடு முடியைத் துறந்தான். உடல்நலக் குறைவும் அதற்கு ஒரு காரணம். உரோமைப் பேரரசர்களுள் இவ்வாறு தானாக ஆட்சியைக் கைவிட்டவர்கள் மிக அரியர். கடலோரத்தில் தனக்கென எழுப்பிய அரண்மனையில் வந்து தங்கினான். மீண்டும் ஆட்சியேற்க அழைத்தவர்களிடம், தன் கையால் பயிரிட்ட முட்டைக்கோசுகளைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று மறுமொழி கூறினானாம். துன்புறுத்தியவனிடமும் ஒரு தெளிவு இருந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அது பிறர் குருதிக்கு விலையாகாது என்பது வேறு செய்தி.

அந்த அரண்மனைக்குள் தன் உடலை வைக்க எண்கோண வடிவில் ஒரு கல்லறை மாளிகையும் கட்டினான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலோனா பகைவரால் அழிந்தபோது, ஓடிவந்த மக்கள் ஆளில்லாத இந்த அரண்மனையின் மதில்களுக்குள் புகலிடம் தேடினர். மண்டபங்கள் வீடுகளாயின, நடைகூடங்கள் தெருக்களாயின. இன்றும் அந்த அரண்மனைக்குள் மக்கள் குடியிருக்கின்றனர். பேரரசனின் கல்லறை மாளிகையை அவர்கள் பேராலயமாக்கினர். அவனது கற்பேழை எங்கே போயிற்றோ, எவரும் அறியார். அங்கே பீடமேறியவர் அவன் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயர் தொம்னியுஸ். மே 7ஆம் நாள் நகர் முழுவதும் அவருக்குத் திருவிழா எடுக்கிறது. யூப்பித்தர் கோவில் திருமுழுக்கு ஆலயமாயிற்று. பேராலயத்தின் குவிமாடத்தடியில் சுற்றிச் செல்லும் சிற்ப வரிசையில் இரண்டு முகங்கள் உள்ளன. அவை தியோக்ளேசியனும் அவன் மனைவி பிரிஸ்காவும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். எவரும் அவற்றை உடைத்தெறியவில்லை. கீழே திருப்பலி நடைபெற, மேலேயிருந்து அம்முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

டிராகன்களின் நிலவறைக்கு வருவோம். மேலே குடியேறியவர்கள் தங்கள் வீட்டுக் கழிவுகளைத் தளத்தில் துளையிட்டுக் கீழே கொட்டினர். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த குப்பை நிலவறைகளை நிரப்பிவிட்டது. அந்தக் குப்பையே அவற்றைக் காத்தது! இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதியைத் தோண்டித் துப்புரவு செய்தபோது, சுவரும் வளைவுகளும் பழுதின்றி வெளிப்பட்டன. மேல்தளத்தில் பேரரசன் வாழ்ந்த அறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆயினும் அவற்றைத் தாங்கிய நிலவறைகள் அதே அமைப்பில் கட்டப்பட்டவை. ஆதலால் அழிந்த அறைகளின் வடிவத்தை இன்று கீழேயிருந்தே அறிகிறோம்.

கிளிஸ் கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. தொடரில் அடிமைகளின் நகராகக் காட்டப்படும் அந்தக் குன்றுக்கோட்டையைத் துருக்கியரிடமிருந்து பல்லாண்டு காத்த பேத்தர் குருசிச், 1537இல் உயிரிழந்தான்; கோட்டையும் வீழ்ந்தது. 1648இல் வெனிசியர் அதைக் கைப்பற்றினர்.

டூப்ரோவ்னிக் நகரின் கதையே நம் நோக்கிற்கு வளமானது. இத்தாலிய மொழியில் ரகுசா எனப்பட்ட இந்நகரம் பல நூற்றாண்டுகள் தனிக் குடியரசாக விளங்கியது. அதற்கு அரசன் இல்லை. உயர்குடியினர் கூடிய பேரவை ஒரு தலைவரைத் தெரிவு செய்தது. இலத்தீனில் அவருக்கு ‘ரெக்டர்’ என்று பெயர். நம் குருமட அதிபரைக் குறிக்கும் அதே சொல்தான். அவரது ஆட்சிக்காலம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் தன் குடும்பத்தை விட்டு ரெக்டர் மாளிகையில் தங்க வேண்டும். அரசுப் பணிக்கன்றி வெளியே செல்லக் கூடாது. மாதம் முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழியாமல் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது. பேரவை மண்டபத்தின் வாயிலில், சொந்த நலனை மறந்து பொதுநலனைப் பேணுமாறு அறிவுறுத்தும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மாளிகை முற்றத்தில் 1638இல் குடியரசு ஒரே ஒருவருக்குத்தான் சிலை வைத்தது. அவர் ரெக்டர்களுள் ஒருவரல்லர், உயர்குடியினரும் அல்லர். தன் செல்வத்தைக் குடியரசுக்கு விட்டுச் சென்ற மிஹோ பிராட்சாட் என்னும் கப்பல் வணிகர்.

தொடரில் மன்னனின் மாளிகையாகிய ‘செங்கோட்டை’யாக வருவது லோவ்ரியெனாட்ஸ் என்னும் கோட்டை, நகருக்கு வெளியே கடற்பாறை மீது எழுந்து நிற்கிறது. அதன் வெளிப்புறச் சுவர்கள் சில இடங்களில் 12 மீட்டர் பருமன் உள்ளவை. நகரை நோக்கிய சுவரோ 60 சென்டிமீட்டர்தான். ஏனெனில், கோட்டைத் தளபதி எவனேனும் தன்னை அரசனாக்கிக்கொள்ள முனைந்தால், நகரத்தார் தங்கள் பீரங்கியால் அச்சுவரை எளிதில் தகர்க்க வேண்டும்! பகைவனை விடத் தம்மவனின் பதவி ஆசைக்கு அவர்கள் அதிகம் அஞ்சினர். தொடரின் பல பகுதிகளில் சொல்லப்படும் செய்தியை அந்த மெல்லிய சுவர் கல்லிலேயே சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இதனால் அந்நகரை விண்ணக எருசலேமாக எண்ணிவிடலாகாது. உயர்குடியில் பிறவாதவனுக்குப் பேரவையில் இடமில்லை. துருக்கிய சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்க நாணயங்கள் திறை செலுத்தித்தான் அக்குடியரசு தன் உரிமையைக் காத்துக்கொண்டது. வணிக ஆதாயத்தை அவர்கள் ஒருபோதும் மறந்ததில்லை. ஆயினும் 1377இல், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருக்குள் வரலாம் எனச் சட்டம் இயற்றியவர்கள் இவர்களே. கொரோனாக் காலத்தில் நம் வீட்டுக் கதவுகளில் ஒட்டப்பட்ட ‘தனிமைப்படுத்துதல்’ அறிவிப்புக்கு இச்சட்டம் மூதாதை. 1416இல் மனிதரை வாங்கி விற்பதைத் தடைசெய்து சட்டம் செய்ததும் இவர்களே. தொடரில் அடிமைகளை விடுவிக்க ஓர் இளவரசிக்கு டிராகன்கள் தேவைப்பட்டன. இங்கே வணிகர் நிறைந்த ஓர் அவையின் வாக்கு அவ்வணிகத்தைத் தடுத்தது.

நகரின் தென்பகுதியில் இயேசு சபையாரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்திற்கு ஏறும் அகன்ற படிக்கட்டு உள்ளது. உரோமைக் கட்டடக் கலைஞர் பியெத்ரோ பஸலக்குவா 1738இல் அமைத்தது. தொடரின் ஐந்தாம் பருவ இறுதியில், ஓர் அரசியின் ஆடைகளைக் களைந்து, சமயத் தலைவர்கள் அவளை மக்கள் நடுவே நடக்க வைக்கும் காட்சி இப்படிகளில் தொடங்குகிறது. இன்று பயணிகள் இப்படிகளில் இறங்கியவாறே, காட்சியில் வரும் ‘ஷேம்’ என்ற கூவலை விளையாட்டாகக் கூவுகின்றனர். எனக்கு அது உவப்பாயில்லை. படியின் தூய்மை கெட்டது என்பதற்காக அன்று. சமயத்தின் பெயரால் ஒரு பெண்ணை இழிவுபடுத்துவது இத்தனை எளிதில் வேடிக்கையாகிவிடுவதற்காக. கதாசிரியர் அதைக் கொடுமையாகவே காட்டினார். வேடிக்கையாக்கியவர்கள் நாம்.

அப்படிகளின் மேலே, ஆலயத்தை ஒட்டி நிற்பது இயேசு சபையாரின் கல்லூரி. அங்கே பயின்ற உள்ளூர்ச் சிறுவன் ருஜெர் போஸ்கோவிச், 1725இல் உரோமைக்குச் சென்று இயேசு சபையில் சேர்ந்து, கணிதத்திலும் வானியலிலும் இயற்பியலிலும் ஐரோப்பா போற்றும் அறிஞரானார். புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, அதை ஆராயத் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் அழைத்தவர்களுள் இவரும் ஒருவர். படிக்கு மேலுள்ள சதுக்கம் இவர் பெயரைத் தாங்குகிறது.

1667 ஏப்ரல் 6, புனித வாரத்தின் புதன்கிழமை. காலையில் நிலம் அதிர்ந்தது. பல்லாயிரவர் மடிந்தனர், அந்த மாதத்து ரெக்டரும் இறந்தார். நகரத்தார் எஞ்சிய மதில்களுக்குள் மீண்டும் கட்டினர். நகரின் பாதுகாவலர் புனித பிளாசியார். பிப்ரவரி 3ஆம் நாள் இரு மெழுகுதிரிகளைக் குறுக்காக வைத்து நம் தொண்டைகளை மந்திரிக்கிறோமே, அதே புனிதர். அவருடைய வெள்ளிச்சிலை தன் கையில் நகரத்தின் சிறு உருவத்தை ஏந்தியுள்ளது. நிலநடுக்கத்திற்கு முன் நகர் எப்படி இருந்ததென்பதை அறிய இன்று வரலாற்றாசிரியர் அந்தச் சிறு உருவத்தையே நாடுகின்றனர். 1706இல் அவரது ஆலயம் எரிந்தபோதும் சிலை தப்பியது.

தொடரின் இறுதியில், 2019இல், டிராகன் தலைநகரை எரித்துச் சாம்பலாக்குகிறது. அதற்காக டூப்ரோவ்னிக் தெருக்களைப் போன்ற அரங்கமைப்பை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கட்டினார்கள். உண்மை நகரத்தை எரிக்க முடியாதல்லவா? ஆனால் உண்மை நகரம் ஏற்கெனவே எரிந்திருந்தது. 1991 அக்டோபர் முதல் நாள் யூகோஸ்லாவியப் படை தாக்குதலைத் தொடங்கியது. குடிநீரும் மின்சாரமும் நின்றன. டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாளன்று, குண்டுகள் மழையாகப் பொழிந்தன. பழைய நகரின் 824 கட்டடங்களில் 68 விழுக்காடு தாக்குண்டன. 1979 முதல் உலக மரபுச் சின்னமாக இருந்த நகர் அது. மதில்மேல் நடப்பவர்கள் கீழே பார்த்தால், பளிச்சென்ற செந்நிறத்தில் புதிய ஓடுகளும், வெயிலில் மங்கிய பழைய ஓடுகளும் கலந்து கிடப்பதைக் காணலாம். புதிய ஓடு பெரும்பாலும் அந்தப் போரின் தழும்பு. டிராகன் எரித்த தெரு எது என்று கேட்கும் பயணிக்கு விடை சொல்லும் வழிகாட்டி, நாற்பத்தைந்து வயதைக் கடந்த உள்ளூர்க்காரராயின், அந்தக் குளிர்காலத்தை நிலவறையில் கழித்த சிறுவராக இருந்திருக்கக்கூடும்.

போருக்கு முன் மதிலுக்குள் ஏறத்தாழ 5000 பேர் வாழ்ந்தனர். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. வீடுகள் பயணியர் விடுதிகளாயின. நாளொன்றுக்கு வரும் பெருங்கப்பல்களின் எண்ணிக்கைக்கு நகராட்சியே வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. குண்டுகளுக்கு அஞ்சாது தங்கியவர்களின் பிள்ளைகள், வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியேறுகின்றனர். தொலைக்காட்சித் தொடர் மட்டும் இதற்குக் காரணமன்று, அதற்கும் பங்குண்டு.

நகருக்கு எதிரே, படகில் கால்மணி நேரத்தில் லோக்ரும் தீவு. 1023 முதல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் பல நூற்றாண்டுகள் அங்கே செபித்தும் தோட்டம் வளர்த்தும் வாழ்ந்தனர். நெப்போலியனின் படைகள் குடியரசை ஒழித்த காலத்தோடு அவ்வாழ்வும் முடிந்தது. இன்று அந்தத் துறவு மடத்தின் அறையொன்றில், தொடரில் கண்ட இரும்பு அரியணையின் மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. பயணிகள் வரிசையில் நின்று, தத்தம் முறை வரும்போது அதில் அமர்ந்து, படமெடுத்தவுடன் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகின்றனர். மாலையில் கடைசிப் படகு புறப்படும்போது எல்லாரும் ஏறிவிட வேண்டும். இரவில் அத்தீவில் தங்கப் பயணிகள் எவருக்கும் அனுமதியில்லை.