செஞ்சிச் சீமையின் பருப்புக் கறி

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். கல்யாண மஹாலின் அடுக்குகளை எண்ணி மகிழ்கின்றனர். அங்கே பருத்த சுவர்களோடு நிற்கும் தானியக் களஞ்சியத்தின்முன் சற்று நின்று சிந்திப்பவர் மிகச் சிலரே. அரசுகள் மாறின; கொடிகள் மாறின; களஞ்சியத்தை நிரப்பிய மக்களும் அதிலிருந்து அளந்து உண்ட மக்களும் வரலாற்று நூல்களில் பெயரின்றிப் போயினர். அவர்களுடைய வரலாற்றை அறிய வேண்டுமாயின் அடுப்பங்கரையைத்தான் கேட்க வேண்டும்.

செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர் வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் பெரிய கறியைப் பருப்போடோ மொச்சையோடோ சேர்த்து நெடுநேரம் வேகவிட்டுச் சமைக்கும் பண்டம் ஒன்று உண்டு. பருப்பில் செய்தால் அது தால்ச்சா. தமிழ் பேசும் இல்லங்கள் பலவற்றில் அதுவே ‘தாளிச்சா’ என்று வழங்கும். ‘தால்’ என்னும் வடபுலச் சொல்லை நம் தாய்மார்கள் ‘தாளித்தல்’ என்னும் தம் சொல்லோடு உறவாக்கிக் கொண்டனர் போலும்! மொச்சையிட்டுச் செய்தால் மொச்சைக்கொட்டைக் கறி. சோழமண்டலக் கரையோர ஊர்களில் குழம்பைக் குறிக்கும் ‘ஆணம்’ என்ற பழந்தமிழ்ச் சொல் இன்றும் நம்மவர் நாவில் வாழ்வதால், அங்கே இது கறியாணமாகும்.

இவ்வுணவைப் பற்றி இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. இது படையெடுத்து வந்தவர்களின் உணவு. இம்மண்ணுக்கு அந்நியமானது என்பர் சிலர். நம்மவருள்ளேயே வேறு சிலர், இது ஏழையின் உணவு. விருந்தினர் முன் வைக்கத் தக்கதன்று என்பர். இவ்விரண்டும் எந்த அளவு உண்மை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

பக்தாத் முதல் ஆக்ரா வரை

இறைச்சியையும் பருப்பையும் ஒரே பானையில் இணைக்கும் முறை மிகத் தொன்மையானது. மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226), முஹம்மத் இப்னு ஹஸன் அல்பக்தாதி என்பார் ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலை எழுதினார். அதில் இறைச்சியோடு பருப்பைச் சேர்த்துச் செய்யும் ‘அதஸிய்யா’ இடம்பெற்றுள்ளது. ‘அதஸ்’ என்பது மைசூர்ப் பருப்பு இனத்தைக் குறிக்கும் அரபுச் சொல். திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில், பனூ இஸ்ராயீல் மக்கள் கேட்ட உணவுப் பொருள்களின் வரிசையில் வருவதும் இதுவே.

முகலாயப் பேரரசர் அக்பரின் சமையற்கூடத்தை விவரிக்கும் அபுல் ஃபஸ்லின் ‘ஆயினி அக்பரி’, ஹரீஸா, கஷ்க், ஹலீம் ஆகிய பண்டங்களைக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் ஹலீமில் இறைச்சி, கோதுமை, கடலை ஆகியவற்றோடு கீரை, கேரட், டர்னிப் முதலிய காய்களும் சேர்ந்தன. இறைச்சி, தானியம், பருப்பு, காய் என்னும் நான்கையும் ஒருங்கே குழையவிடும் முறை அரண்மனையிலும் போற்றப்பட்டது என்பதற்கு இது சான்று. ஆனால், அந்நூலின் சமையற் குறிப்புகளில் காரத்துக்கு மிளகே வருகின்றது. மிளகாய் அப்போது அந்த அடுப்பை எட்டவில்லை.

காய் சேர்ப்பதற்கு இதனினும் மேலான முன்மாதிரி நம்மிடம் உண்டு. தையற்காரர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்து, வாற்கோதுமை ரொட்டியும் சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த குழம்பும் வைத்ததையும், பெருமானார் அவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி ஷரீஃபில் இச்செய்தி பதிவாகியுள்ளது. தக்கனி உருது பேசும் இல்லங்களில் தால்ச்சாவுக்குச் சுரைக்காயே முதற்காயாக அமைந்திருப்பதைக் காணும்போது இந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகின்றது.

செஞ்சியில் மாறிய கொடிகள்

1649இல் செஞ்சி நாயக்கர் ஆட்சி முடிந்து கோட்டை பீஜப்பூர் சுல்தான்களின் கைக்கு வந்தது. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை, ஏறத்தாழ எட்டாண்டுக் காலம், முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் அதனை முற்றுகையிட்டிருந்தார். இறுதியில் கோட்டை வீழ்ந்தது. அவருடைய பட்டப்பெயரால் ‘நுஸ்ரத்கட்’ என்று பெயரிடப்பட்டது. எட்டாண்டு முற்றுகை என்றால் எட்டாண்டுச் சமையல் அன்றோ? தக்காணத்திலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வந்த வீரர்களும், அவர்களைச் சார்ந்து வாழ்ந்த தொழிலாளரும் வணிகரும் இவ்வட்டாரத்தின் விளைச்சலைக் கொண்டே பசியாறியிருக்க வேண்டும். அவர்களுள் பலர் இங்கேயே தங்கினர். தக்கனி உருது இவ்வட்டாரத்து இல்லங்களில் ஒலிப்பதற்கு இக்காலமே அடிப்படை.

1714இல் நிகழ்ந்த போர் தமிழகம் அறிந்தது. கப்பப் பாக்கியைக் கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளைஞன் தேசிங்கு போரிட்டு மாண்டான். அவனுடன் தோளோடு தோள் நின்று உயிர்விட்டவர் அவனுடைய உற்ற நண்பர் மகபத்கான். நண்பனின் அழைப்புக் கிடைத்ததும் தம் திருமணத்தையும் விட்டுவிட்டுப் போர்க்களம் வந்தார் அவர் என்று கதைப்பாடல் புகழ்கின்றது. ஓர் இந்து அரசனுக்காக ஒரு முஸ்லிம் வீரர், ஒரு முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்து மடிந்த மண் இது. சாதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டையில் இன்றும் நிற்கின்றது. பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கொண்டனர். படைகள் சென்றன, பானை இங்கேயே தங்கிவிட்டது.

மண் தந்த பங்கு

அந்தப் பானையில் விழுந்தவை யாவை? வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையும் சிறந்த உணவாகப் புறநானூற்றுப் பாடலொன்று எண்ணிச் சொல்கின்றது. நான்கில் இரண்டு பயறு வகை. மொச்சை அவரையின் நெருங்கிய இனம். வானம் பார்த்த பூமியான மேல்மலையனூர்ப் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில் ஊடுபயிராகத் துவரையும், வரப்போரத்தில் மொச்சையும் காராமணியும் விதைப்பது உழவர் வழக்கம். மாசி மாதத்து மயானக் கொள்ளை விழாவில் அங்காளம்மன் கோயிலுக்குத் திரளும் உழவர் பெருமக்கள், தம் நிலத்தில் விளைந்த தானியங்களையும் அவித்த பயறுகளையும் காணிக்கையாக்கிச் சூறையிடுகின்றனர். அதே கொல்லையின் மொச்சை சந்தை வழியே முஸ்லிம் இல்லத்துப் பானைக்கும் வருகின்றது. நம்பிக்கை வேறு, வழிபாடு வேறு, விளைநிலம் ஒன்றே.

புளிப்பைப் பாருங்கள். பக்தாத் சமையலில் புளிப்புக்குக் காடியும் மாதுளைச் சாறும் சேர்த்தனர். இங்கே அவ்விடத்தைப் புளியும் மாங்காயும் பெற்றன. அரபு மக்கள் நம் புளியைத் ‘தமரு ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். ஆங்கிலத்தின் ‘டாமரிண்ட்’ அதிலிருந்து பிறந்ததே. காரமோ கடல் கடந்து வந்தது. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர் வழியே இந்தியாவை அடைந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் நம் முன்னோர் அதனை ‘மிளகாய்’ என்றனர். மல்லாட்டையும் அவ்வாறே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அயலது என்பதற்காக இவ்விரண்டையும் ஒதுக்குவார் தமிழகத்தில் எவரேனும் உளரோ?

நெடுநேரம் வேகவிடும் காரணம்

தமிழகத்தின் 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதவை, அல்லது தீராத நோயாலோ ஊனத்தாலோ பயனற்றுப் போனவை என்று சான்றளிக்கப்பட்ட மாடுகளையே அறுக்கலாம். பசுவையும் கிடாரியையும் அறுப்பதை 1976ஆம் ஆண்டு அரசாணை தடுத்தது. எனவே நம் இல்லங்களுக்கு வரும் பெரிய கறி முதிர்ந்த மாட்டினுடையது. முதிர்ந்த கறியின் நார்த்தசை தடித்திருக்கும். சிறு தீயில் நெடுநேரம் வெந்தால்தான் அது இளகி, குழம்புக்குக் கொழுமை தரும். மொச்சையும் நெடுநேரம் வேக வேண்டியதே. இரண்டின் பொறுமையும் ஒன்றாக இருப்பதாலேயே அவை ஒரு பானையில் இணைந்தன எனலாம்.

செய்முறை எளிது, ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது. எலும்போடு கூடிய கறி அரைக் கிலோவுக்கு, மொச்சைக் கொட்டை கால் கிலோ போதும். மொச்சையை முதல்நாள் இரவே ஊற வைத்து, மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் பொரிய விட்டு, வெங்காயம் சிவந்ததும் இஞ்சி பூண்டு அரைத்ததைச் சேர்த்துப் பச்சை வாடை போக வதக்கி, தக்காளி, மஞ்சள், மிளகாய்த் தூள், மல்லித் தூள், உப்பு, கறி ஆகியவற்றை இட்டுப் பிரட்டுவர். கறி தன் நீரை விட்டு வற்றிய பின்னரே வெந்நீர் ஊற்றி மூடுவர். திறந்த பானையில் கறி முக்கால் பதம் வர ஒன்றரை மணி நேரமேனும் ஆகும். அப்போது மொச்சையைச் சேர்த்து, இரண்டும் மலரும்வரை சிறு தீயில் விட வேண்டும். கத்தரிக்காய், வாழைக்காய், சுரைக்காய் ஆகியவை அதன்பின். புளிக்கரைசலும் மாங்காயும் எல்லாவற்றுக்கும் கடைசியில். புளிப்பு முந்திவிட்டால் பயறு எவ்வளவு நேரமானாலும் மலராது. புளிப்பு அதன் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். இந்த உண்மையை வேதியியல் நூல் படிக்காமலேயே நம் மூதாட்டியர் அறிந்திருந்தனர். தால்ச்சாவாயின் துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் தனியே வேகவைத்து மசித்துச் சேர்த்து, இறுதியில் கறிவேப்பிலையோடு தாளித்துக் கொட்டுவர்.

டெக்ஸாஸில் ஓர் உறவினர்

கடல் கடந்த நாட்டிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துச் ‘சில்லி கான் கார்னே’, மிளகாயில் வேகவைத்த மாட்டிறைச்சி. சான் அந்தோனியோ நகரின் சதுக்கங்களில் மெக்ஸிகோ வழிவந்த பெண்கள் அந்திப்பொழுதில் அடுப்பு மூட்டி இதனை ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் விற்றனர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அந்தோனியோ சில்லிக் கடை இடம்பெற்றபின் அதன் புகழ் பரவியது. 1977இல் டெக்ஸாஸ் அதனைத் தன் மாநில உணவாகவே அறிவித்தது. இல்லத்தரசிகள் பலர் அதில் சிவப்புப் பீன்ஸ் சேர்த்துப் பெருக்குவர். பீன்ஸ் சேர்ந்தால் அது சில்லியே ஆகாது என்று வாதிடும் டெக்ஸாஸ்காரரும் உளர்!

வெளிநாட்டில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதனைச் சமைத்துப் பழகியுள்ளனர். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ராஜ்மா எனப்படும் சிவப்புப் பீன்ஸில் இயற்கையான நச்சு ஒன்று உள்ளது. ஊறவைத்த நீரை வடித்து, புதுநீரில் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் கொதிக்கவிட்ட பின்னரே குழம்பில் சேர்க்க வேண்டும்.

சதுக்கத்தின் ஏழை உணவைத் தன் அடையாளமாக ஒரு மாநிலம் அறிவித்திருக்கும்போது, நம் அடுக்களைப் பண்டத்தை நாம் மறைப்பது ஏன்? இன்றைய திருமணங்களில் பிரியாணிக்குப் போக மிஞ்சிய எலும்பும் கொழுப்பும் தால்ச்சா அண்டாவுக்குச் செல்கின்றன. வாளியில் வந்து, இலையோரத்தில் விழுந்து, பாதி உண்ணப்படாமலேயே போகின்றது. சிறிதளவு கறியைக் கொண்டு பெரிய குடும்பம் முழுவதும் வயிறார உண்ண வழிகாட்டிய உணவுக்கு இதுவா மதிப்பு? பயறிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கக் கறி துணைசெய்கின்றது என்று இன்றைய ஊட்டச்சத்து அறிவியலும் கூறுகின்றது. சோகை பிடித்த நம் பெண்மக்களுக்கு இதைவிட எளிய துணையுணவு வேறென்ன வேண்டும்?

குழம்பு சமைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள இந்த நபிமொழியின் நோக்கத்தைப் பருப்புக் கறியைவிட நன்றாக நிறைவேற்றும் உணவு அரிது. நீரும் பயறும் கூடக் கூட அது பெருகும். பெரிய கறி உண்ணாத அண்டை வீட்டாருக்கு அதனை அனுப்புவது அன்பாகாது. அவர்களுக்கென்று கறி சேராத பருப்பைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பதும் இந்நபிமொழியின்படி நடப்பதே. மகபத்கானும் தேசிங்கும் நட்புப் பூண்ட மண்ணில் அந்த நாகரிகம் நமக்குப் புதிதன்று.

ஆக, இவ்வுணவின் சமைக்கும் முறை பாரசீகத்தையும் தக்காணத்தையும் கடந்து வந்தது. காரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பயறும் புளியும் இம்மண்ணுடையவை. கைப்பக்குவம் நம் தாய்மாருடையது. அந்நியம் என்போருக்கு இதுவே விடை. தாழ்ந்தது என்று எண்ணும் நம்மவர், அடுத்த விருந்தன்று தால்ச்சாவை வாளியிலிருந்து எடுத்துத் தம் இல்லத்துச் சஹனின் நடுவில் வைக்கட்டும். அதன் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பரிமாறட்டும்.